அன்னாசி போட்ட இஞ்சி பியரில் மூன்று போத்தல் ஏன் வெடித்தது: ஒரு நிகழ்வு ஆய்வு

2024 மே மாதம், ஒரு வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றரை மணியிருக்கும். மட்டக்களப்பு, கல்லடியில் என் தங்கச்சி மகளின் வீட்டில் கட்டிலுக்குக் கீழே அடுக்கியிருந்த பன்னிரண்டு இஞ்சி பியர்ப் போத்தல்களில் ஒன்று வெடித்தது. பத்து நிமிடத்தில் இரண்டாவது, நள்ளிரவு தாண்டி மூன்றாவது. அந்தக் கட்டிலில் அன்று யாரும் படுக்கவில்லை, பிள்ளைகள் பக்கத்து அறையில் பாட்டியோடு படுத்திருந்தார்கள். நுளம்பு வலையில் விரல் நுழைகிற அளவுக்கு இரண்டு ஓட்டை, சுவர்ப்பூச்சில் ஒரு சாண் உயரத்தில் கண்ணாடி குத்தி நின்ற தடம். அதை நான் மறுநாள் காலையில் பார்த்தபோது கை நடுங்கியது என்பதை மறைக்க விரும்பவில்லை.

முதல் வெடி கேட்டதும் அவள் எனக்குத்தான் எடுத்தாள். "மாமா, போத்தல் வெடிச்சிற்று, மற்றதுகளும் வெடிக்குமா?" முப்பது வருடம் இரசாயனவியல் படிப்பித்தவன் என்பதால் இந்த மாதிரிக் கேள்வியெல்லாம் என்னிடம்தான் வரும். வெடிக்கும் என்றேன், அறைக் கதவைச் சாத்திவிட்டு யாரும் உள்ளே போகாதீர்கள் என்றேன். மூன்றாவது வெடித்தது அதற்குப் பிறகுதான்.

இதை விவரமாக எழுதக் காரணம், அடுத்த நாள் அந்த வீட்டுக்கு வந்து பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே காரணத்தைச் சொன்னார்கள்: "ஈஸ்ட் கூடிப்போச்சு." அது பிழையான காரணம். அதை நம்பிக்கொண்டு அடுத்த முறை ஈஸ்ட்டை மட்டும் குறைத்துப் போட்டால் அடுத்த முறையும் வெடிக்கும்.

என்ன செய்தாள்

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய மூத்த பிள்ளைக்குப் புதுநன்மை, தேவாலயத்தில் முதன்முறை நற்கருணை வாங்கும் நாள். வருகிறவர்களுக்கு வீட்டில் செய்த குளிர்பானம் கொடுக்க ஆசைப்பட்டாள். இஞ்சி பியர் செய்முறை எங்கள் குடும்பத்துக்குப் புதிதல்ல, தாண்டவன்வெளியில் எங்களோடு பழகிய ஒரு பறங்கிக் குடும்பத்திடமிருந்து என் அம்மா படித்தது, நத்தாருக்கு நத்தார் செய்வோம். இஞ்சியைத் தட்டி, கறுவாவும் கராம்பும் போட்டுக் கொதிக்கவைத்து, சீனி கரைத்து ஆறவிட்டு, தேசிக்காய்ப் புளி விட்டு, பாண் போடுகிற ஈஸ்ட்டில் ஒரு தேக்கரண்டி கரைத்து ஊற்றி, வடித்துப் போத்தலில் அடைத்து, "நாலாம் நாள் குடிக்கலாம்" என்பதுதான் முறை. ஒன்பது லீற்றருக்கு 850 கிராம் சீனி. அளவு எதையும் அவள் மாற்றவில்லை.

மாற்றியது ஒன்றே ஒன்று. லண்டனில் இருக்கிற அவளுடைய தம்பி, அதாவது என் மருமகன், இரண்டு மூன்று வருடமாக வீட்டில் ஆப்பிள் சைடர் செய்கிறான், அதில் ராஸ்பெரியும் மாம்பழமும் கொடித்தோடையும் (பாஷன் ஃப்ரூட்) போட்டு விதவிதமாகப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவான். "முதல் நொதிப்பு முடிஞ்ச பிறகு பழத்தைப் போடு அக்கா, சுவை நல்லா நிக்கும்" என்று அவன் சொன்னதை இவள் பிடித்துக்கொண்டாள். புதன்கிழமை இரவு ஈஸ்ட் ஊற்றி, வியாழன் மாலை மேலே நுரை கட்டியதைப் பார்த்து முதல் நொதிப்பு முடிந்தது என்று எண்ணி, ஒரு பெரிய அன்னாசியையும் ஐந்தாறு கொடித்தோடையையும் பச்சையாக மிக்ஸியில் அடித்து, சக்கையோடு போத்தலுக்கு இவ்வளவு என்று பிரித்துப் போட்டு, மேலே இஞ்சி பியரை ஊற்றி இறுக்கி மூடிவிட்டாள். மாலை ஏழு மணி. முதல் போத்தல் வெடித்தது அதிலிருந்து இருபத்தெட்டரை மணி நேரத்தில்.

போத்தல்கள் பழைய போத்தல் பேப்பர் கடையில் வாங்கிய 750 மில்லிலீற்றர் சாராயப் போத்தல்கள். சாராயத்தில் வாயு இல்லை, அந்தக் கண்ணாடி அமுக்கம் தாங்குவதற்காக வார்த்ததும் இல்லை. மூடி திருகு மூடி.

மிச்சம் ஒன்பது போத்தலை எப்படி எடுத்தோம்

இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டாவது விபத்து வழக்கமாக இங்கேதான் நடக்கிறது. ஒன்று வெடித்ததும் ஓடிப்போய் மற்றதன் மூடியைத் திறக்கப் பார்ப்பார்கள். முகத்துக்கு நேரே ஒரு அடி தூரத்தில் போத்தல் இருக்கும் நேரம் அதுதான்.

நாங்கள் விடியும் வரை காத்திருந்தோம். அறை கொஞ்சமாவது குளிரட்டும் என்று ஜன்னல் திறந்தே கிடந்தது. காலை ஐந்து மணிக்கு மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டை முகமூடியை இறக்கிவிட்டுப் போட்டுக்கொண்டு, தடித்த ஜீன்ஸ் சட்டையும் தோல் கையுறையும் போட்டு, நனைத்த சாக்கு இரண்டை நீட்டித் தடியால் போத்தல்களுக்கு மேலே தள்ளி மூடினேன். அப்புறம் ஒவ்வொன்றாகச் சாக்கோடு சேர்த்துத் தூக்கி, சாதாரணத் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் வாளியில் இறக்கி, அந்தத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஐஸ் போட்டோம். மீன் விற்கிற தம்பி ஒருவர் தன் ரெஜிபோம் பெட்டியையும் ஐஸையும் அந்த நேரத்தில் கொண்டுவந்து தந்தார். சூடான போத்தலை நேராக ஐஸில் வைக்கக் கூடாது, அமுக்கத்தில் இருக்கிற கண்ணாடி திடீரென்று குளிர்ந்தால் அதுவே வெடிப்புக்குப் போதும்.

குளிரில் ஏன் வைக்க வேண்டும்? காபனீரொட்சைட்டு குளிர்ந்த நீரில் நன்றாகக் கரையும், சூடான நீரில் அவ்வளவு கரையாது. 31 பாகையில் ஒரு லீற்றர் நீர், ஒரு வளிமண்டல அமுக்கத்தில், ஏறத்தாழ 0.65 லீற்றர் வாயுவைத்தான் பிடித்துவைக்கும். 4 பாகையில் அதே நீர் ஏறத்தாழ 1.47 லீற்றரைப் பிடிக்கும். அதாவது அதே போத்தல், அதே வாயு, குளிரவைத்தாலே உள் அமுக்கம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஆறு மணி நேரம் ஐஸில் கிடந்த பிறகு, தடித்த துவாயைச் சுற்றி மூடியைக் கால் திருகு திருகி, சீறல் அடங்கும் வரை பிடித்து, மறுபடியும் கால் திருகு. ஒன்பதும் பத்திரமாகத் திறந்தன. ஆனால் இரண்டு போத்தலில் முக்கால்வாசிப் பானம் நுரையாகவே பொங்கி வாளிக்குள் போய்விட்டது. அது சக்கையின் வேலை, பழத் துணுக்கு ஒவ்வொன்றின் விளிம்பிலும் வாயு குமிழாகப் பிறக்கும்.

கணக்கு

பழைய பாடசாலை நண்பர் ஒருவரிடம், பானத்தின் அடர்த்தியை அளக்கிற நீர்மானி ஒன்று இரவல் வாங்கினேன். தூய நீரில் 1.000 காட்டும், சீனி கரைந்தால் மேலே போகும், ஈஸ்ட் சீனியைத் தின்னத் தின்னக் கீழே வரும். ஒன்பது லீற்றரில் 850 கிராம் சீனி என்றால் தொடக்கத்தில் 1.037 அளவில் இருந்திருக்க வேண்டும். மிச்சமிருந்த போத்தல்களில் வாயுவை நன்றாக அடித்துப் போக்கிவிட்டு, அறைச் சூட்டுக்கு வரவிட்டு அளந்தபோது ஏறத்தாழ எல்லாவற்றிலும் 1.027.

இந்த 0.010 இறக்கத்தை மாணவர்களுக்குச் சொல்வதுபோலவே சொல்கிறேன். ஒரு குளுக்கோசு மூலக்கூறு உடைந்தால் இரண்டு எதனோலும் இரண்டு காபனீரொட்சைட்டும் வரும், ஒன்று இல்லாமல் மற்றது வராது, இரட்டைப் பிள்ளைகள். 0.010 இறக்கம் என்றால் கனவளவில் 1.3 வீதம் மதுசாரம், லீற்றருக்குப் பத்துக் கிராம் எதனோல், அதனோடு கூடப்பிறந்த காபனீரொட்சைட்டும் கிட்டத்தட்ட அதே பத்துக் கிராம். ஒரு லீற்றர் பானத்துக்குள் ஐந்து லீற்றர் வாயு. சாதாரண பியர்ப் போத்தலில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு. 31 பாகையில் அது வெளியில் இருக்கிற அமுக்கத்தைவிட ஆறு வளிமண்டலம் அதிகமாகப் போத்தலைத் தள்ளும், கார் டயரில் இருப்பதைப்போல மூன்று மடங்கு. மூடுவதற்கு முந்திய ஒரு நாளில் கொஞ்ச வாயு வெளியே போயிருக்கும், வெடித்தவையும் நள்ளிரவிலேயே வெடித்துவிட்டன, அதனால் அப்போது இதைவிடக் குறைவாகத்தான் இருந்திருக்கும். சாராயப் போத்தலுக்கு அதுவே போதும்.

அப்படியென்றால் மற்ற ஒன்பதும் ஏன் தப்பின? அவற்றின் மூடிகள் பழையவை, கசிந்திருக்கின்றன. மூடியைச் சுற்றிக் காய்ந்த சீனிப்பாகு பிசுபிசுவென்று ஒட்டியிருந்ததைக் கண்ணால் பார்த்தோம். வெடித்த மூன்றுக்கும் மட்டும் அவள் கவனமாகத் தேடி, உள்ளே றப்பர் வைத்த நல்ல மூடியாகப் போட்டிருந்தாள். நத்தாருக்கு நத்தார் இத்தனை வருடமாக எங்கள் வீட்டில் ஒன்றும் வெடிக்காததற்கும் இதுதான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது. அம்மா தக்கைதான் அடைப்பா, நூல் கட்டமாட்டா. அமுக்கம் கூடினால் தக்கை பறக்கும், போத்தல் தப்பும்.

யார் குற்றவாளி

ஈஸ்ட் அளவை எடுத்துக்கொள்வோம். எவ்வளவு வாயு வரும் என்பதைத் தீர்மானிப்பது சீனி. ஈஸ்ட் எவ்வளவு என்பது அது எவ்வளவு வேகமாக வரும் என்பதை மட்டும் தீர்மானிக்கும். கால் தேக்கரண்டி போட்டாலும் அந்த ஈஸ்ட் பெருகி, ஒரு நாள் பிந்தி, அதே இடத்துக்குத்தான் வந்து சேரும். அவள் போட்டதும் வழக்கமான அளவுதான்.

சரி, சீனியா? அன்னாசியில் சீனி இருக்கிறதே, அது கூடிப்போயிருக்காதா என்று நானும் முதலில் நினைத்தேன். அன்னாசியில் நூறு கிராமுக்குப் பத்துக் கிராம் அளவில் சீனி. இஞ்சி பியரிலும் நூறு மில்லிலீற்றருக்கு ஒன்பதரைக் கிராம். பத்தோடு பத்தைக் கலந்தால் பத்துத்தானே. பழம் சீனிச் செறிவை மாற்றவேயில்லை. அதைவிட முக்கியமான விடயம் ஒன்று உண்டு. வெறும் இஞ்சி பியரிலேயே இருக்கிற சீனி முழுவதும் நொதித்தால் ஒரு லீற்றருக்கு இருபத்துநான்கு லீற்றர் வாயு வரும். எந்தக் கண்ணாடிப் போத்தலும் அதைத் தாங்காது. வீட்டில் செய்கிற இனிப்பான இஞ்சி பியர்ப் போத்தல் ஒவ்வொன்றும், பழம் போட்டாலும் போடாவிட்டாலும், வெடிக்கப் போதுமான சீனியோடுதான் மூடப்படுகிறது. நேரத்துக்குள் குடித்துவிடுகிறோம் என்பதால் மட்டுமே அது பானம்.

ஆக, கேள்வி வேகத்தைப் பற்றியது. அந்த வேகத்தை மூன்று விடயங்கள் கூட்டிவிட்டன.

முதலாவது மாதம். "நாலாம் நாள்" என்பது மார்கழிக் கணக்கு. இங்கே மார்கழி என்றால் மாரி, வாவி பெருகி வானம் மூடிக்கிடக்கும், வீட்டுக்குள் 25, 26 பாகைதான். மே மாதத்தில் அதே அறையில் இரவிலும் 31. இந்த எல்லைக்குள் பத்துப் பாகை கூடினால் ஈஸ்ட்டின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும், ஐந்தாறு பாகைக்கு ஒன்றரை மடங்கு. செய்முறையைச் சொல்லித் தந்தவர்கள் மாதத்தைச் சொல்லவில்லை, ஏனென்றால் வேறு மாதத்தில் அவர்கள் அதைச் செய்ததேயில்லை.

இரண்டாவது, பச்சைப் பழம். சீனித் தண்ணீரும் இஞ்சியும் ஈஸ்ட்டுக்குச் சோற்றை மட்டும் கொடுத்துக் கறி கொடுக்காத மாதிரி, நைதரசன் சத்து மிகக் குறைவு, அதனால் அது மெதுவாகத்தான் வேலைசெய்யும். பழச்சாற்றில் அந்தச் சத்து இருக்கிறது. போதாததற்குப் பச்சை அன்னாசி தன்னுடைய காட்டு ஈஸ்ட்டையும் கூட்டிக்கொண்டு வருகிறது. மெக்சிக்கோவில் தெபாச்சே என்று ஒரு பானம், அன்னாசித் தோலைச் சீனித் தண்ணீரில் ஊறப்போடுவார்கள், ஈஸ்ட் தனியாகச் சேர்ப்பதில்லை, தோலில் இருப்பதே நொதிக்கவைத்துவிடும்.

மூன்றாவது, எனக்கு மிக முக்கியமாகப் படுவது, லண்டன் முறையின் ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொண்டது.

மருமகனின் சைடர்

அவனோடு ஞாயிறு இரவு நெடுநேரம் கதைத்தேன். பாவம், தான் சொன்ன ஒரு வசனத்தால் அக்காவின் பிள்ளைகளுக்கு என்ன நடந்திருக்கும் என்று நினைத்து அவனுக்குக் குரலே வரவில்லை. அவன் செய்கிற முறையில் பிழை இல்லை. அதை முழுவதுமாகக் கேட்டபோதுதான் எது விடுபட்டது என்று எனக்குத் தெளிவானது.

இங்கிலாந்தில் சைடர் என்றாலே நொதித்த ஆப்பிள் சாறு. அமெரிக்காவில்தான் நொதிக்காத வடிகட்டாத சாற்றுக்குச் சைடர் என்றும் நொதித்ததற்கு ஹார்ட் சைடர் என்றும் பெயர். அவன் கடையில் பதப்பொருள் சேர்க்காத ஆப்பிள் சாறு நாலரை லீற்றர் வாங்கி, கழுத்துக் குறுகிய பெரிய கண்ணாடிச் சாடியில் ஊற்றி, சைடருக்கென்று விற்கிற ஈஸ்ட் போடுகிறான். சாடியின் வாயில் வாயு வெளியே போகும், காற்று உள்ளே வராத நீர்ப்பொறி. தொடக்கத்தில் நீர்மானி 1.046 காட்டும். 18 பாகையில் இரண்டு மூன்று கிழமை விட்டால் 1.000க்கு வந்து நிற்கும், சில நேரம் அதற்கும் கீழே. அப்போது அதில் 6 வீதம் மதுசாரம், சீனி கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. முதல் நொதிப்பு முடிந்தது என்று அவன் சொல்வது இதைத்தான். சீனி தீர்ந்துபோனதை நீர்மானி சொல்ல வேண்டும், மேலே நுரை கட்டியதை வைத்துத் தீர்மானிப்பதில்லை.

அதற்குப் பிறகுதான் பழம். அதுவும் போத்தலுக்குள் இல்லை, இன்னொரு சாடிக்குள். அடியில் படிந்த ஈஸ்ட் மண்டியை விட்டுவிட்டு மேல் சைடரைக் குழாயால் இறக்கி, லீற்றருக்கு நூறு கிராமுக்குக் கொஞ்சம் மேலே ராஸ்பெரி போடுகிறான். உறையவைத்த பழம் நல்லது, உறையும்போது கலச் சுவர் உடைந்து சாறு இலகுவாக இறங்கும். பெக்டினேஸ் நொதியம் கொஞ்சம் சேர்த்தால் கலங்கல் தெளியும். அந்தப் பழத்தின் சீனியும் அங்கேயே, வாயு வெளியேறுகிற சாடியிலேயே, ஏழு பத்து நாளில் நொதித்து முடிந்துவிடும். மூன்று நாள் தொடர்ந்து ஒரே வாசிப்பு வந்த பிறகே போத்தல். போத்தலில் நுரை வேண்டும் என்பதற்காக லீற்றருக்கு 6 கிராம் சீனி அளந்து சேர்ப்பான். நாலு கிராம் சீனி ஒரு லீற்றருக்கு ஒரு லீற்றர் வாயு தரும், ஆறு கிராமுக்கு ஒன்றரை, ஏற்கெனவே கரைந்திருக்கிற முக்கால் சொச்சத்தோடு சேர்ந்து 2.4. தடித்த பியர்ப் போத்தல் அதைச் சிரமமில்லாமல் தாங்கும். ஒரு வருடம் வைத்தாலும் அதற்குமேல் ஏறாது, ஏறுவதற்குச் சீனி இல்லை.

இந்த இடம்தான் நான் சொல்ல வந்தது. சைடரைக் காப்பாற்றுவது அதில் இனிப்பு இல்லாமை. இஞ்சி பியரைக் காப்பாற்றுவது நேரமும் குளிரும். ஒன்றின் செய்முறையை மற்றதில் ஒட்டினால் இரண்டு காவலும் போய்விடும். என் மருமகள் செய்தது அதுதான்: சீனி முழுவதும் மிச்சம் இருக்கிற பானத்தில், வாயு வெளியேற வழியில்லாத இடத்தில், ஈஸ்ட்டுக்குச் சத்துணவைச் சேர்த்து மூடியிருக்கிறாள்.

அவனும் தன் பங்குக்கு ஒன்றைச் சொன்னான். பழச் சைடர் செய்கிற எல்லாரும் ஒரு நாள் கடையில் விற்பதுபோல் இனிப்பாக வேண்டும் என்று ஆசைப்படுவார்கள். பழத்தின் சீனி நொதித்துவிடுவதால் வாசனை நிற்கும், இனிப்பு நிற்காது. மாம்பழத்தில் இன்னும் மோசம், இனிப்புப் போனதும் மாம்பழம் என்றே தெரியாத அளவுக்கு வாசனையும் மங்கிவிடும் என்கிறான். கொடித்தோடையின் புளிப்பும் வாசனையும் கடைசி வரை நிற்குமாம், அவனைப் பொறுத்தவரை அதுதான் திறம். மாம்பழச் சைடருக்கு அவன் ஒரு முறை லீற்றருக்கு 30 கிராம் சீனி போட்டு இனிப்பாக்கி அடைத்திருக்கிறான். நல்ல வேளையாகப் பிளாஸ்டிக் போத்தல், ஒரு கிழமையில் அடிப்பாகம் பிதுங்கிக் குப்புற விழுந்துவிட்டன. இப்போது இனிப்பு வேண்டுமென்றால் ஈஸ்ட் தின்ன முடியாத எரித்ரிட்டோல் போடுகிறான். அல்லது, தெளிந்து முடிந்த சைடருக்குப் பொற்றாசியம் சோர்பேற்றும் மெற்றாபைசல்பைற்றும் சேர்த்த பிறகு சீனி போட்டு, நுரையில்லாத பானமாக வைத்துக்கொள்கிறான். சோர்பேற்று ஈஸ்ட்டைக் கொல்லாது, பெருக விடாது, அவ்வளவுதான். நொதித்துக்கொண்டிருக்கிற பானத்தை அது நிறுத்தாது. சோர்பேற்றைத் தனியாகப் போட்டால் சில பற்றீரியாக்கள் அதை மாற்றி ஜெரேனியம் இலை மாதிரி ஒரு கெட்ட மணத்தைக் கொண்டுவரும், அதனால்தான் சல்பைற்றும் கூட.

இங்கே அந்தச் சைடரை நாங்கள் செய்து பார்க்கவில்லை. இங்கிலாந்தில் சொந்தப் பாவனைக்கு வீட்டில் செய்யலாம், வரியும் இல்லை. இலங்கையில் 1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் தயாரிப்பது குற்றம். ஆப்பிள் சைடரைப் பார்த்து நம்மூர் மரமுந்திரிகைப் பழத்திலோ அன்னாசியிலோ 6 வீதத்துக்குச் செய்து பார்க்க நினைக்கிற தம்பிமார் இதைத் தெரிந்துகொண்டு நினைக்கட்டும்.

திரும்பச் செய்து பார்த்தது

கணக்கு சொன்னது சரிதானா என்று பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை. ஜூன் மாதம் என் வீட்டுப் பின்கட்டில், அரை லீற்றர் பிளாஸ்டிக் சோடாப் போத்தல்களில், ஒவ்வொரு வகைக்கும் மூன்று போத்தலாகச் செய்தேன். வெறும் இஞ்சி பியர் ஒன்று, கொதிக்கவைத்து வடித்த அன்னாசிச் சாறு சேர்த்தது ஒன்று, பச்சை அன்னாசிச் சக்கையோடு ஒன்று, ஈஸ்ட்டே போடாமல் பச்சைச் சக்கை மட்டும் போட்டது ஒன்று. எல்லாம் அதே 31 பாகை. பிளாஸ்டிக் போத்தலின் பெரிய உதவி, அமுக்கத்தை விரலால் அழுத்திப் பார்க்கலாம்.

பச்சைச் சக்கை போட்டது பதினாலு மணி நேரத்தில் கல் மாதிரி இறுகிவிட்டது. கொதித்த சாறு இருபது மணி நேரம், வெறும் இஞ்சி பியர் இருபத்தாறு. இருபத்துநாலாம் மணியில் ஒவ்வொன்றில் ஒரு போத்தலைத் திறந்து அளந்தபோது முறையே 1.029, 1.031, 1.033. ஈஸ்ட் போடாத சக்கைப் போத்தல் இரண்டு நாள் சும்மா கிடந்தது, மூன்றாம் நாள் அதுவும் இறுகியது. காட்டு ஈஸ்ட்டை நேரில் பார்த்தது அப்போதுதான். வெறும் இஞ்சி பியரை டிசம்பரில் மழைக்குள் திரும்பச் செய்தேன், 25 பாகை, இறுகுவதற்கு நாற்பத்துநாலு மணி நேரம். மூன்று மூன்று போத்தலை வைத்துப் பெரிய முடிவு சொல்ல முடியாது, ஆனால் வரிசை மாறவில்லை.

சூடும் பச்சைப் பழமும் சேர்ந்தால் நாற்பத்துநாலு மணி நேர வேலை பதினாலு மணி நேரத்தில் முடிகிறது. நாலாம் நாள் கணக்கில் மூடிவைத்தவள் அந்த வெள்ளி காலையிலேயே குளிரில் வைத்திருக்க வேண்டும்.

அந்த 1.3 வீதம்

வெடிப்பைவிட எனக்கு மனம் உறுத்தியது இது. அந்தப் பானம் புதுநன்மைக்கு வருகிற ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்காகச் செய்தது. காத்தான்குடியிலிருந்து மருமகளோடு வேலைசெய்கிற ஆசிரியை ஒருவரின் குடும்பமும் வர இருந்தது. ஈஸ்ட் போட்டு நுரை வந்த பானத்தில் மதுசாரம் இல்லாமல் இருக்க முடியாது, மேலே சொன்ன இரட்டைப் பிள்ளைக் கணக்கு அது. இஞ்சி பியர்தானே, குளிர்பானம்தானே என்று அதுவரை எங்கள் வீட்டில் ஒருவரும் இதை யோசித்ததில்லை, நானும் யோசித்ததில்லை, இத்தனைக்கும் அந்தச் சமன்பாட்டை வருடா வருடம் கரும்பலகையில் எழுதியவன். ஹராம் என்று விலக்குகிற ஒரு குடும்பத்துக்குத் தெரியாமல் அதைக் கையில் கொடுத்திருப்போம். மருமகளிடம் சொன்னபோது அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "நான் அவட முகத்தில எப்பிடி முழிக்கிற மாமா" என்றாள் மறுகா.

ஞாயிற்றுக்கிழமைக்கு இருந்தது ஒரு நாள். இஞ்சியைத் தட்டி, கறுவா, கராம்பு போட்டுக் கொதிக்கவைத்து, அன்னாசிச் சாறும் சீனியும் விட்டுக் கெட்டிப் பாகாகக் காய்ச்சி, தேசிக்காய் பிழிந்து ஃபிரிட்ஜில் வைத்தோம். வந்தவர்களுக்குக் கிளாசில் பாகு கொஞ்சம், மேலே கடையில் வாங்கிய சோடா. பழத்தைப் பாகில் போட்டதால் வாசனை அந்தப் போத்தல்களில் இருந்ததைவிட நன்றாக இருந்தது என்பது என் அபிப்பிராயம். பெரியவர்கள் சிலர் இஞ்சி பியரின் அந்த ஈஸ்ட் மணம் இல்லையே என்றார்கள், உண்மைதான், அது வேறு.

நத்தாருக்கு இஞ்சி பியரை விடவில்லை. ஆனால் இப்போது கண்ணாடிப் போத்தல் இல்லை, சோடா வந்த பிளாஸ்டிக் போத்தல் மட்டும், தோளுக்கு மேல் மூன்று விரல் இடம் விட்டு. பழம் சேர்த்தால் கொதிக்கவைத்து வடித்த சாறுதான். மூடிய பிறகு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை விரலால் அழுத்திப் பார்ப்பது, இறுகத் தொடங்கியதும் எல்லாமே ஒன்றாக ஃபிரிட்ஜுக்கு, ஃபிரிட்ஜில் இடமில்லாவிட்டால் அவ்வளவு செய்வதில்லை. ஃபிரிட்ஜிலும் ஈஸ்ட் முழுதாகத் தூங்காது, ஒரு கிழமைக்குள் குடித்து முடிக்க வேண்டும், கரண்ட் போனால் மூடியைத் தளர்த்திவிட வேண்டும். பெரியவர்களுக்கு மட்டும், கேட்டவர்களிடம் இதில் கொஞ்சம் மதுசாரம் இருக்கிறது என்று சொல்லித்தான் கொடுக்கிறோம்.

போன நத்தாருக்கு எட்டுப் போத்தல் செய்தாள். இரண்டாம் நாள் மதியம் வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது: ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் எட்டும் வரிசையாக, ஒவ்வொன்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, மூடிய திகதியும் நேரமும் அறை வெப்பநிலையும் பேனையால் எழுதியிருந்தாள். கடைசிப் போத்தலில் 26 பாகை.